காலிக் கல்வெட்டும் சீனநாகமும்

கொழும்பு தேசிய நூதனசாலையிலே ஒரு கற்பலகை உண்டு. உயரம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு. அகலம் இரண்டரை அடி. கனம் 5 அங்குலம். காலி நகரத்தின் தெருவோர மதகொன்றில் அது பதிந்து கிடந்ததை 1911ஆம் ஆண்டிலே பொறியியலாளர் ஒருவர் கண்டறிந்தார். அதன் முகத்தில் மூன்று மொழிகள் வெட்டப்பட்டுள்ளன. வலப்புறம் சீனம், இடப்புறத்தின் மேற்பாதி தமிழ், அதன் கீழே அரபெழுத்தில் அமைந்த பாரசீகம்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோரத்து ஊர் ஒன்றிலே பிறந்த முஸ்லிம் ஒருவர் இக்கல்லின் முன் நிற்பாரானால், அதிலுள்ள மூன்று எழுத்துகளில் இரண்டு அவருக்கு அயலானவை அல்ல. ஒன்று அவர் வீட்டிற் பேசும் மொழிக்குரியது. மற்றையது குர்ஆன் ஓதுவதற்காக இளமையிலேயே கற்றது. இவ்விரண்டையும் ஒன்றிணைத்து, தமிழ்ச் சொற்களை அரபெழுத்தில் எழுதும் அரபுத்தமிழை அவர்தம் முன்னோர் நெடுங்காலம் கையாண்டனர். ஆகவே மூன்றாவதாகிய சீனத்தை மட்டுமே அவர் அறியார். ஆனால், கல்லின் வளைந்த முகட்டை நோக்கும்போது அவர் கண் அங்கே தங்கி நிற்கும். முத்தொன்றை நடுவே வைத்து ஒன்றையொன்று எதிர்நோக்கும் இரு விலங்குகள் அங்கே செதுக்கப்பட்டுள்ளன. உடல் பாம்பு போன்றது, ஆயினும் பாம்பன்று. கால்களும் கொம்புகளும் உண்டு. தமிழெழுத்தின் தலைக்குமேலும் அரபெழுத்தின் தலைக்குமேலும் ஏறி நிற்கும் இப்பிராணி யாது?

இதனை இக்காலத்தார் 'டிராகன்' என்பர். அச்சொல்லோடு ஐரோப்பியக் கதைகளும் உடன் வந்துவிடுகின்றன. அக்கதைகளில் வரும் டிராகன் குகையிலே பொற்குவியலைக் காத்துக் கிடப்பது. வாயால் நெருப்பைக் கக்குவது. முடிவிலே வீரனொருவனின் ஈட்டிக்கு இரையாவது. கிறித்தவ வேதத்தைத் தமிழாக்கியோர் 'வலுசர்ப்பம்' என்ற சொல்லை அதற்கு இட்டனர். வெளிப்படுத்தின விசேஷத்தில் அது தீமையின் உருவமே. பாரசீகர் கூறும் 'அஜ்தஹா'வும் இத்தகையதே. பிர்தௌசியின் ஷாநாமாவில் ருஸ்தமும் பஹ்ராம் கோரும் அதனைக் கொன்று புகழெய்துகின்றனர்.

சீனர் 'லோங்' என வழங்குவது வேறு பிறவி. நெருப்பைக் கக்குவது அதன் தொழிலன்று. அதன் உறைவிடம் நீர். அதனைக் கொன்றவன் வீரனாகப் போற்றப்படுவதுமில்லை. அது இறந்துவிட்டால் மழை பெய்விப்பார் யார்? டிராகன் என்ற சொல் வேண்டாத பொருளை ஏற்றுவதால், இங்கே அதனைச் 'சீனநாகம்' என்று வழங்குவதே பொருந்தும். அப்பெயருக்கு வலுவான காரணமும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

சீனநாகத்தின் வடிவுக்கு ஒன்பது ஒப்புமைகள் சொல்வது சீன நூலோர் மரபு. மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, எருதின் செவி, பாம்பின் கழுத்து, கெண்டை மீனின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம் என அப்பட்டியல் செல்லும். செதில்கள் 117 என்றும் கணக்கிட்டனர். அவற்றுள் 81 வெம்மையும் ஒளியும் பொருந்திய 'யாங்' கூற்றைச் சேர்ந்தவை. 36 தண்மையும் இருளும் பொருந்திய 'யின்' கூற்றைச் சேர்ந்தவை. ஒன்பது ஒன்பதாகப் பெருகியது முன்னது. ஆறு ஆறாகப் பெருகியது பின்னது. நன்மை மிகுதி, ஆயினும் அழிக்கும் ஆற்றலும் உடன் உண்டு என்பதே இக்கணக்கின் கருத்து. இவையெல்லாம் பிற்காலத்தார் வகுத்த இலக்கணம். வடிவமோ அதனினும் பழையது. 1987இல் ஹெனான் மாகாணத்துப் புயாங் என்னுமிடத்திலே, 6000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், இறந்தவனின் அருகே சிப்பியோடுகளை அடுக்கி அமைத்த நாகவடிவம் வெளிப்பட்டது.

கி.பி. 100 அளவில் சூ ஷென் என்னும் அறிஞர் இயற்றிய சீன அகராதி, இதன் இயல்பைச் சுருங்கக் கூறுகிறது. நினைத்தபோது மறையவும் தோன்றவும் வல்லது. நுண்ணுருவும் பேருருவும் எடுக்க வல்லது. வசந்தத்தில் விண்ணேறி, இலையுதிர் காலத்தில் ஆழ்நீரில் அமிழ்வது என்பது அவர் தரும் விளக்கம். இது வெறும் கற்பனை எனத் தள்ளற்பாலதன்று. பண்டைச் சீனர் கீழ்வானத்து விண்மீன் கூட்டங்களை ஒன்றாக இணைத்து, 'நீலநாகம்' எனப் பெயரிட்டிருந்தனர். தமிழர் சித்திரை என்று அழைக்கும் விண்மீன் அந்நாகத்தின் கொம்பு. கேட்டையில் ஒளிரும் செம்மீன் அதன் இதயம். வசந்த காலத்து அந்திப்பொழுதிலே இக்கொம்பு கீழ்த்திசையில் எழும். இலையுதிர் காலத்தில் நாகம் முழுதும் மேற்கே மறையும். அது எழும் காலத்தையொட்டி உழவு தொடங்கும், மழை தேவைப்படும். விண்ணேறுதலும் நீரில் அமிழ்தலும் இவ்வாறு வானத்திலே கண்கூடாக நிகழ்ந்தவை. இரண்டாம் மாதத்து இரண்டாம் நாளை 'நாகம் தலைநிமிரும் நாள்' என்று சீன உழவர் இன்றும் கொண்டாடுகின்றனர்.

மழை பொய்த்தால் என் செய்வது? கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துங் சுங்ஷூவின் பெயரால் வழங்கும் நூல், களிமண்ணால் நாகங்கள் செய்து வைக்குமாறு விதிக்கிறது. பருவத்துக்கேற்ப அவற்றின் நிறமும், நோக்கும் திசையும், உடன் ஆடுவோர் தொகையும் வேறுபடும். பிற்காலத்து வடசீனக் கிராமத்தார் இன்னும் துணிவு மிக்கவர். நாகவேந்தனின் கோயிலில் வேண்டியும் மழை இறங்காவிட்டால், சிலையைத் தூக்கிவந்து கொளுத்தும் வெயிலில் வைத்துவிடுவர். தாகம் எத்தகையது என்பதைத் தெய்வமும் உணரட்டும் என்பது அவர்கள் நியாயம்!

அம்பாறைக் கரையோரத்தவருக்கு இவ்வேக்கம் புதிதன்று. சம்மாந்துறை வட்டைகளிலும் நிந்தவூர் வயல்களிலும் பெரும்போக வேளாண்மை வடகீழ்ப் பருவ மழையை நம்பியே விதைக்கப்படுகிறது. 1950களின் தொடக்கத்தில் சேனாநாயக்க சமுத்திரம் அமைந்து கல்லோயா நீர் வாய்க்கால்களில் வரத்தொடங்கிய பின்னரும், குளம் நிறைவது மழையாலேயே. வானம் பார்த்திருந்து சலித்தபோது முஸ்லிம்கள் வெளித்திடலிற் கூடி மழைத்தொழுகை நடத்துவர். அயலூர்த் தமிழர் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டை மழைவேண்டி நிகழ்த்துவர். முறை வேறு, கோட்பாடு வேறு. நெல்லின் தாகம் ஒன்றே.

மழை ஒருபுறமாக, கடல் மறுபுறம். நான்கு கடல்களுக்கும் நான்கு நாகவேந்தர் உளர் என்றும், கடலடியிற் பளிங்கு மாளிகையில் வாழ்கின்றனர் என்றும் சீனக் கதைகள் பேசும். அவர்கள் மகிழ்ந்தால் மீன் மிகும். சினந்தால் கரை அழியும். 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையையும் கண்ட கரைக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வலையில் இலங்கையிலே மிகுந்த உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறையே. கரைவலை இழுப்பவனுக்குச் சோறிடுவதும் அவன் வீட்டைக் கொண்டுபோவதும் ஒரே கடல். சீனநாகத்தின் 81 செதிலும் 36 செதிலும் குறிப்பது இவ்விரட்டை இயல்பையே. சுழன்றெழும் புயற்காற்றுக்குச் சீனமொழியில் 'நாகம் சுருட்டும் காற்று' என்று பெயர். வீட்டுக் குழாயின் திருகுவாய்க்கும் 'நீர்நாகத் தலை' என்பதே பெயர். அஞ்சத்தக்க பேராற்றலுக்கும் அடுக்களைத் தண்ணீருக்கும் ஒரே விலங்கின் பெயரைச் சூட்டிய மக்கள், அதனை வெறுத்திருக்க முடியாது.

இனி, சீனநாகம் என்ற பெயருக்குரிய காரணம். பௌத்த சூத்திரங்களைச் சீனமொழிக்குப் பெயர்த்தோர், அவற்றில் வரும் 'நாக' என்னும் சொல்லுக்கு 'லோங்' என்பதையே ஈடாக வைத்தனர். நீர்நிலைகளிற் குடியிருப்பதும், மழை தருவதும், புதையலும் மணியும் காப்பதும் நாகங்களுக்கும் உரியவை அல்லவா? இதனால் இந்திய நாகராசாக்கள் சீனத்தில் குடியேறி நாகவேந்தர் ஆயினர். நாகவேந்தருக்குக் கோயிலெடுத்தலும் இதன்பின்னரே பரவலாயிற்று. சீனரின் தொன்மையான விலங்கோடு தென்னாசியாவின் நாகம் கலந்ததனால் விளைந்ததே இன்று காணப்படும் நாகவேந்தர் வழிபாடு.

இக்கலப்பைக் கண்முன் நிறுத்துபவர் பாகியான் என்னும் துறவி. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த அவர், சங்காசியம் என்னுமிடத்தில் வெண்செவியுடைய 'லோங்' ஒன்று துறவிகளின் மடத்தில் வாழ்வதாகவும், காலந்தவறாமல் மழை பொழிவித்து நாட்டைச் செழிக்கச் செய்வதாகவும் எழுதினார். மழைக்காலத் தங்கல் முடியும் வேளையில் அது வெண்செவிகள் கொண்ட சிறுபாம்பாக மாறுமாம். துறவிகள் செப்புப் பாத்திரத்தில் பாலேடு நிரப்பி, அதிலே அதனை இட்டு வரிசையாகச் சுமந்து செல்வராம். வடநாட்டு மடமொன்றில் நிகழ்ந்த நாகவழிபாட்டைச் சீனர் ஒருவர் தம் நாட்டுக் கண்கொண்டு கண்ட காட்சி இது.

அவரே பின்னர் இலங்கைக்கு வந்து இரண்டாண்டுகள் தங்கினார். இத்தீவைப்பற்றி அவர் குறித்தது மேலும் சுவையானது. தொடக்கத்தில் இங்கே மனிதர் இல்லை. ஆவிகளும் லோங்களுமே குடியிருந்தன. பல நாட்டு வணிகர் அவற்றோடு வாணிகம் செய்தனர் என்கிறார். மகாவமிசம் கூறும் இயக்கரும் நாகருமே சீனத்தில் இவ்வுருப் பெற்றனர். அதாவது, சீன நூலைப் படித்த சீன வாசகனின் மனத்தில் இலங்கை, கொம்பும் செதிலும் உடைய சீனநாகங்கள் வாழ்ந்த தீவாகவே பதிந்திருக்கும். அம்பாறைக் கரையின் தென்பகுதியிலுள்ள திருக்கோயிலின் பழைய பெயர் நாகர்முனை என்று மட்டக்களப்பு மரபு நூல்கள் கூறுவதையும் இங்கே நினைவுகூரலாம்.

ஓவியர் இவ்விலங்கை எவ்வாறு கண்டனர் என்பதற்குச் சென் ருங் என்பவர் 1244இல் வரைந்த ஒன்பது நாகங்களின் சுருளோவியமே தக்க சான்று. பொஸ்டன் நுண்கலைக் காட்சியகத்திலுள்ள அவ்வோவியம் பெரும்பாலும் கரிய மையால் ஆனது. மேகமும் பாறையும் சுழிநீரும் இடையறாது கலந்து கிடக்க, அவற்றினூடே ஒரு தலை, ஒரு நகம், ஒரு வளைவு தோன்றி மறைகின்றன. முழு உருவத்தைக் காட்டாமையே இக்கலையின் உயிர். எங்கே மேகம் முடிகிறது, எங்கே நாகம் தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதிருக்க வேண்டும். இயற்கையின் பின்னே இயங்கும் ஆற்றலுக்குத் தனியுருவம் இல்லை என்னும் தாவோ நெறியாரின் எண்ணம் இதனுள் பொதிந்துள்ளது. 6ஆம் நூற்றாண்டினராகிய சாங் செங்யாவோவைப் பற்றியும் ஒரு கதை உண்டு. நான்கிங்கின் கோயிற் சுவரிலே நான்கு நாகங்களை வரைந்து, கண்மணி இடாமலே விட்டாராம். இட்டால் பறந்துவிடும் என்றாராம். நம்பாதோர் வற்புறுத்தவே இரண்டுக்குக் கண் திறந்தார், இடியிடித்தது, சுவரைப் பிளந்துகொண்டு அவ்விரண்டும் விண்ணேகின. சிலைக்குக் கண்திறக்கும் சடங்கை அறிந்த தமிழர், இக்கதையை எளிதில் உணர்வர்.

காலிக் கல்லிலே இருப்பன இத்தகைய மேகநாகங்கள் மட்டுமல்ல. அவை அரசனின் இலச்சினையும் ஆகும். மழையைத் தன் ஆணையில் வைத்திருக்கும் விலங்கு, விண்ணின் மைந்தன் எனப்பட்ட பேரரசனுக்குச் சின்னமாயிற்று. ஐந்து நகமுடைய நாகம் பேரரசனுக்கே உரியது. கீழ்ப்பட்டோர் ஆடையில் நகம் நான்கே இருத்தல் வேண்டும் எனப் பின்னர் விதியும் ஏற்பட்டது. பாண்டியருக்குக் கயலும் சோழருக்குப் புலியும் எவ்வாறோ அவ்வாறே சீனப் பேரரசருக்கு நாகம். கயலைப் பொறித்த கல்லைக் கண்டு பாண்டியர் மீனை வணங்கினர் என எவரும் சொல்வதில்லை.

இதனை மனத்திற் கொண்டால், இக்கல்லைப்பற்றி முஸ்லிம் நேயர் ஒருவருக்கு எழக்கூடிய ஐயம் ஓரளவு தீரும். இக்கல் மிங் வமிசத்து யுங்லோ பேரரசரின் பெயரால் 1409 பெப்ரவரித் திகதியிட்டு, நான்கிங்கில் வெட்டப்பட்டது. இலங்கைக்குக் கொணர்ந்தவர் கடற்படைத் தலைவர் செங் ஹோ. அவர் 1371இல் யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் ஹஜ்ஜுச் செய்தவர்கள். இஸ்லாத்தின் பொருட்டு வழங்கிய காணிக்கையைக் கூறும் வாசகத்தின் மேலே விலங்குருவம் நிற்பதை அவர் எங்ஙனம் ஏற்றார்? வழிபாட்டுக்குரிய நாகவேந்தன் வேறு, அரச முத்திரையாகிய நாகம் வேறு என்பதே விடை. சீன முஸ்லிம்கள் இவ்வேறுபாட்டோடு வாழப் பழகியவர்கள். சீஆன் நகரத்துப் பெரிய பள்ளிவாசலின் கூரை முகடுகளிலே நாகத்தலைகள் உண்டு. நெருப்பினின்று மரக்கட்டடத்தைக் காப்பவை என்பது சீனக் கட்டடக்கலையின் பொது மரபு. உள்ளே, தொழுகை மண்டபத்திலோ, குர்ஆன் வசனங்களும் பூங்கொடிகளுமே அணி செய்கின்றன. பாரசீகத்திலும் இத்தகைய நிலையே காணப்பட்டது. 1270களில் மங்கோலிய அரசர் அபாகா கான் தக்தே சுலைமானில் எழுப்பிய மாளிகையின் ஓடுகளிலே சீனநாகம் பொலிந்தது. அதன்பின் ஷாநாமா ஓவியர்கள் ருஸ்தம் கொல்லும் அஜ்தஹாவைச் சீனநாகத்தின் வடிவிலேயே தீட்டலாயினர். உருவம் சீனத்தது; குணம் ஈரானியரது!

கல்லின் வாசகம் மும்மொழியிலும் ஒன்றன்று. சீனவாசகம் புத்தரைப் போற்றுகிறது. பேராசிரியர் பரணவிதான ஆராய்ந்து வெளியிட்ட தமிழ்வாசகம் தென்துறையிலே, இன்றைய தெவிநுவரையிலே, கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. அவர் திருமாலின் வடிவமாகக் கருதப்பட்டவர். பெரிதும் தேய்ந்துபோன பாரசீகவாசகம் இஸ்லாத்துக்குரியது. ஆயினும் காணிக்கை ஏறத்தாழ ஒன்றே: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, நறுநெய், விளக்குகள், தூபக்கலங்கள். மூன்று நெறியாருக்கும் சமமாக அளந்து வைத்தது அருளா, அரசதந்திரமா? இரண்டும் எனலே நேர்மை. கரையோர வாணிகத்தைக் கையில் வைத்திருந்தோர் தமிழ் பேசுவோரும் பாரசீகம் அறிந்த முஸ்லிம்களும் ஆவர். அவர்களின் நல்லெண்ணமின்றிக் கப்பலுக்குத் துறை கிடையாது.

அருளின் மறுபக்கமும் அப்பயணத்திலேயே வெளிப்பட்டது. இலங்கையில் அதிகாரம் செலுத்திய அழகக்கோனாரோடு பகை மூண்டது; செங் ஹோவின் படை அவரைச் சிறைப்பிடித்து 1411இல் நான்கிங்குக்குக் கொண்டு சென்றது. பேரரசர் பின்னர் அவரை விடுவித்தார். மழை பொழியும் நாகமே கரையையும் அழிக்கும் என்ற பழங்கருத்துக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுவதில்லை. 1588இல் போர்த்துக்கேயர் தெனவரைக் கோயிலைத் தகர்த்தனர். நாயனாரின் பெயரைத் தாங்கிய கல்லோ மதகுக் கல்லாகி, தண்ணீருக்கு மேலே கிடந்தது.

கடலோடிகளின் துணையை நாடி அடுத்தடுத்து நின்ற சீனரையும் தமிழ் முஸ்லிம்களையும் காணச் சிங்கப்பூருக்குச் செல்லல் வேண்டும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் 12 நாட்கள் நாகூர் சாகுல் ஹமீது வலியின் பெயரால் கொடியேற்று விழா நிகழ்கிறது. மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையைத் தொலைவிலிருந்தே அடைத்தவர் என்று கடலோடிகள் போற்றும் பெரியார் அவர். அவரது நினைவாகச் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரையிலான காலத்தில் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் நாகூர் தர்ஹாவொன்றை எழுப்பினர். அதே வீதியில், அதே வரிசையில், 1839க்கும் 1842க்கும் இடையே சீனக் குடியேறிகள் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினர். அது கடலோடிகளைக் காக்கும் மாசூ தேவிக்கு உரியது. கோயிலின் கூரை முகட்டிலே, காலிக் கல்லில் உள்ளவாறே, முத்தை நடுவே வைத்த இரு நாகங்கள். பல நாட்கடற்பயணத்தின் பின் கப்பலிலிருந்து இறங்கிய சீனன் ஒரு வாயிலிலும், தமிழ் முஸ்லிம் அயல் வாயிலிலும் நுழைந்து, கரைசேர்ந்தமைக்கு நன்றி செலுத்தினர்.

அக்காலத்தில் அவ்வீதியே கடற்கரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கடல் மண்ணிட்டு நிரப்பப்பட்டது. இன்று அலையோசை அங்கே கேட்பதில்லை. தர்ஹாவின் கோபுரங்களும் கோயிற் கூரையின் நாகங்களும் பழைய கரை இருந்த திசையை நோக்கியவாறே நிற்கின்றன.